என் தங்கையின் தேனிலவில் மூன்றாவது ஆள்

தங்கையின் தேனிலவுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் அம்மா என்னைக் கிள்ளானுக்கு வரவழைத்தார். நான் ராட்டர்டாமில் இருக்கிறேன். ஐரோப்பாவில் இருப்பவனுக்கு ஐரோப்பா முழுவதும் தெரிந்திருக்கும் என்பது அவர் எண்ணம். ஒன்பது ஆண்டுகளில் இரண்டு முறை பாரிசுக்குப் போயிருக்கிறேன், இரண்டும் அலுவலக வேலை. வெனிஸைப் பார்த்ததே இல்லை. தொலைபேசியில் அதைச் சொன்னேன்.

"பக்கத்துலதானே இருக்கு," என்றார்.

ராட்டர்டாமுக்கு முன்பு கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் பன்னிரண்டு ஆண்டுகள் நிருபராக இருந்தேன். இப்போது ஒரு கப்பல் நிறுவனத்தின் செய்தி மடலைக் கவனித்துக்கொள்கிறேன். மணமாகாதவன். விடுப்பு நிறைய மிச்சமிருந்தது. பத்து நாள் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். தங்கை வாசுகிக்கு வயது முப்பத்தாறு. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. மாப்பிள்ளை மணியத்துக்கு நாற்பது. பண்டமாரானில் வீடு, கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் முற்றத்தில் மேற்பார்வையாளர். இருவரும் பதிவு இலாகாவில் திருமணத்தைப் பதிந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் ஊரில் இதுதான் வழக்கம். முதலில் ரிஜிஸ்டர், பிறகு கோயிலில் தாலி. நடுவில் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஓடும். மண்டபமும் நல்ல நாளும் ஒன்றாகக் கிடைக்க அவ்வளவு காலம் பிடிக்கிறது. அதுவரை அரசாங்கத்துக்கு அவர்கள் கணவன் மனைவி, வீட்டுக்கு நிச்சயிக்கப்பட்டவர்கள். அவரவர் வீட்டில்தான் தூங்குவார்கள்.

கோயில் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மணியத்தின் தாயார் இறந்துபோனார். ஒரு வருடத்துக்குச் சுபகாரியம் கிடையாது. மண்டபம் தள்ளிப்போனது, நாதஸ்வரம் தள்ளிப்போனது, அழைப்பிதழ்கள் கட்டோடு அலமாரிக்குள் போயின. பள்ளி விடுமுறைக்கென்று முன்பே ஏற்பாடாகியிருந்த ஐரோப்பியப் பயணம் மட்டும் தள்ளிப்போகவில்லை. விமானச் சீட்டு தீட்டு பார்ப்பதில்லை.

விமானம் காலையில் இறங்கியது. கிள்ளானுக்கு வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டுநர் மலாய்க்காரர். வழி நெடுகத் தொலைபேசியில் மனைவியோடு பேசிக்கொண்டு வந்தார். "மீன் வாங்கிவிட்டேன். பெரியது இல்லை, நடுத்தரம். நீ சொன்ன கடை மூடியிருந்தது. நான் எதற்குப் பொய் சொல்லப் போகிறேன்?" பேச்சை முடித்துவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். கடை மூடியிருந்தது என்றால் இன்னும் நம்ப மாட்டாள்." ராட்டர்டாமில் ஓட்டுநர்கள் பேசுவதில்லை. பேசினால் மழையைப் பற்றி.

வீட்டில் சோறு, ரசம், நெத்திலி சம்பல், கங்கோங் கீரைப் பெரட்டல். நான் கை கழுவுவதற்குள் அம்மா ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். கோயில் நாள்காட்டியின் பின்பக்கத்தில் அவர் கையெழுத்து. இலண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிஸ், வெனிஸ், ரோம், பார்சலோனா. பன்னிரண்டு நாள்.

நீளமான செய்தியைக் குறைத்துப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. பாரிஸ், சுவிஸ், வெனிஸ் மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடித்தேன். சுவிஸுக்குப் பக்கத்தில் லூசர்ன் என்று எழுதினேன்.

"இலண்டன வெட்டிட்டியா?" என்றார் அம்மா.

"யாரு கேட்டா இலண்டன?"

"யாரும் கேக்கல. ஆனா யூரோப் போயிட்டு இலண்டன் பாக்கலன்னா ஒரு மாதிரி இருக்கும்ல."

வாசுகி சாப்பாட்டு மேசையின் மறு முனையில் மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா நிற்கவில்லை. "மூணு போதும் அண்ணே," என்று மட்டும் சொன்னாள். முதல் நாள் அவள் திட்டத்தைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் நானும் அவளும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பயண முகவரைப் பார்க்கக் கொமுட்டர் ரயிலில் போனோம். ஷா ஆலாம் தாண்டும் முன் வண்டி நின்றது. சிக்னல் கோளாறு என்று மலாயில் ஓர் அறிவிப்பு. இருபது நிமிடம் யாரும் அசையவில்லை. எதிரில் இருந்தவர் தொலைபேசியில், "சென்ட்ரல்ல எறங்கிட்டேன் லா பாஸ், நடந்து வந்துகிட்டே இருக்கேன்," என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தொழிற்சாலைச் சுவர்தான் தெரிந்தது. நெதர்லாந்தில் இதற்குள் பாதிப் பேர் இழப்பீட்டுப் படிவம் நிரப்பியிருப்பார்கள். வாசுகி நான்கு புத்தகங்களைத் திருத்தி முடித்தாள்.

முகவர் ஜோசப்பின் அலுவலகம் ஒரு சேலைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். கீழே நடைபாதையில் பூக்கடைகள், மேலே சுவரில் வெயில்பட்டு வெளிறிய கொண்டோலாப் படகு. நாற்பது வயதுக்காரர், சுறுசுறுப்பானவர். தேனிலவுப் பயணம்தான் அவர் தனித் தொழில். "ஆனா நான் நம்ம லங்காவித் தீவத் தாண்டினதில்ல பாஸ்," என்று முதலிலேயே ஒத்துக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

வாசுகியைப் பார்த்து, "டீச்சர், ரெண்டு மாசமா ஒரே ஒரு கட்டம் காலியா கெடக்கு. எத்தன ரூமு, என்னா ரூமு? ஹோட்டல்காரன் தெனம் மெயில் அனுப்புறான்," என்றார். படிவத்தை எங்கள் பக்கம் திருப்பினார். பெயர், கடவுச்சீட்டு, சைவமா அசைவமா, எல்லாம் நிரம்பியிருந்தன. அறை என்ற இடத்தில் ஒன்றுமில்லை.

"இப்ப மூணு பேர் ஆயிடுச்சில்ல, அதுனால ரெண்டு ரூம்னு நானே போட்டுக்கவா?"

"யாரு மூணாவது ஆள்?" என்று கேட்டேன்.

ஜோசப் என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். "நீங்கதான் பாஸ். நேத்து அம்மா போன் பண்ணி மூணு ஊரும் உங்க பேரும் குடுத்தாங்களே. பாரிஸ்ல வந்து சேந்துக்குவீங்கன்னு."

பெயர்ப் பட்டியலில் மூன்றாவது வரியில் என் பெயர் அச்சாகியிருந்தது. எழுத்துப்பிழை இல்லை. அம்மா நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த பக்கத்தில் நிகழ்ச்சிநிரல். சேன் நதியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரவு உணவு, மூவர். லூசர்ன் ஏரியில் ஜோடிப் படகு, மூவர்.

"கொண்டோலாவுல அஞ்சு பேரு உக்காரலாம் பாஸ். நோ ப்ராப்ளம்," என்றார் ஜோசப்.

வாசுகி ஜன்னல் வழியாக மோனோரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது அப்போதுதான் தெரியும் என்று முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்று எழுந்தோம்.

பக்கத்தில் ஒரு வாழையிலைக் கடையில் சாப்பிட்டோம். பாகற்காய் வறுவல் மொறுமொறுப்பாக இருந்தது. இரண்டாவது முறை கேட்பதற்குள் வைத்துவிட்டுப் போனார்கள். வாசுகி சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினாள். குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லை. வருகைப் பதிவேட்டை வாசிப்பவள் போல இருந்தது.

"அத்த ஆஸ்பத்திரில கடைசியா இருந்தப்ப மணியம் யார்டுல இருந்தாரு. போன் எடுக்கல. நர்ஸ் ஒரு ஃபார்ம கொண்டாந்தா. உறவுன்னு ஒரு எடம். மருமகள்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சர்ட்டிபிகேட் காட்டச் சொன்னா, போன்ல காட்டுனேன். சரின்னுட்டா."

கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டாள்.

"மறுநாள் வீட்ல, நீர்மாலைக்கு மருமகளுங்க எந்திரிங்கன்னாங்க. அத்தயக் குளிப்பாட்டத் தண்ணி எடுத்தாரணும். நான் எந்திரிச்சேன். ராஜேஸ்வரி அக்கா என் தோளத் தொட்டு, 'நீ உக்காரும்மா, உனக்கு இன்னும் தாலி ஏறல'ன்னாங்க. திட்டல. மெதுவாத்தான் சொன்னாங்க. ஆனா அத்தன பேரும் பாத்தாங்க. உக்காரலாம்னா எங்க உக்கார்றதுன்னு தெரியல. சொந்தக்காரங்க பக்கமா, வந்தவங்க பக்கமா?"

ராஜேஸ்வரி மணியத்தின் அக்கா. திருமணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தாயார் போன பிறகு அந்த வீட்டின் முடிவுகள் அவருடையவை.

"ஆஸ்பத்திரிக்கு நான் மருமக. வீட்டுக்கு விருந்தாளி. பாரிஸ்ல நான் யாருண்ணே?" என்றாள் வாசுகி. பிறகு இலையை மடித்தாள்.

அம்மாவிடம் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. "ராஜேஸ்வரி சொன்னாங்கப்பா. கூட யாராச்சும் பெரியவங்க போனா அவங்களுக்கு ஆட்சேபண இல்லையாம். நீ அங்கதானே இருக்க."

மூன்றாம் நாள் பண்டமாரானுக்குப் போனேன். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் சாலையை அடைத்திருந்தன. வீட்டு வாசலில் மணியம் காத்திருந்தான். உயரமானவன், தாய்க்காக மழித்த தலையில் முடி இப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. வெனிஸைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்துச் சில குறிப்புகள் வைத்திருந்தேன்.

"மச்சான், ராட்டர்டாம்ல கிரேன் ஆளே இல்லாம ஓடுமாமே. நெசமா?"

உண்மைதான் என்றேன். கரையோரம் சில முனையங்களில் வண்டிகளும் தாமாக ஓடுகின்றன என்றேன். "மோதிக்காதா?" என்றான்.

ராஜேஸ்வரி கோப்பி கொண்டுவந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் வேலை. பேச்சு அதற்கேற்ற மாதிரி சுருக்கமாக, வரிசையாக இருந்தது.

"தம்பி, எங்கம்மா போயி மூணு மாசம் ஆகப்போவுது. இவன் ஹனிமூன் போறான்னு யாராச்சும் கேட்டா எனக்கே வாய் வரமாட்டேங்குது. இருந்தாலும் போவட்டும். அம்மாவப் பாத்துக்கிட்டே இருபது வருசம் இவன் ஒரு எடமும் போனதில்ல. அந்தப் பொண்ணும் நல்ல பொண்ணுதான். ஆனா தாலி ஏறல. ஏறாம ஒரே ரூம்ல இருந்துட்டு வந்தா, அப்புறம் கோயில்ல நாங்க நடத்துறது என்னா கல்யாணம்? ரெண்டு ரூமு. அவ ஒண்ணுல இருக்கட்டும். நீங்களும் இவனும் ஒண்ணுல இருங்க."

சொன்னதில் விரோதம் இல்லை. நான் எதைச் சொன்னாலும் அவருடைய தாயாரின் படத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. படம் சரியாக என் நாற்காலிக்கு எதிரில் மாட்டியிருந்தது.

மணியம் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டான். அக்காவை எதிர்த்து அவன் எதுவும் சொல்லப் போவதில்லை என்பது தெரிந்தது. அதைக் கோழைத்தனம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான் செருப்பை மாட்டும்போது தணிந்த குரலில் கேட்டான்.

"மச்சான், நீங்க கொறட்ட விடுவீங்களா?"

"கொஞ்சம்."

"நானும் தான்," என்றான்.

கணக்கு இப்படி நின்றது. அக்கா சம்மதிக்காமல் மணியம் கிளம்ப மாட்டான். மணியம் இல்லாமல் வாசுகி போக மாட்டாள். மூன்றாவது ஆளாக நான் போக மறுத்தால் பயணம் இல்லை. ஒத்துக்கொண்டால் தேனிலவு இல்லை.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. அம்மா தன் வழியில் ஒரு முயற்சி செய்ய விரும்பினார். காஜாங்கில் ஒரு ஜோசியர் இருக்கிறாராம், தீட்டுக்கு விலக்கு சொல்லக்கூடியவராம். எம்.ஆர்.டி. ரயிலில் நான் பேச்சு மும்முரத்தில் ஒரு நிலையம் தவறவிட்டு, கடைசி நிலையத்தில் இறங்கி, எதிர் வண்டியில் திரும்பினோம். "யூரோப் பூரா கூட்டிட்டுப் போகப் போறியா நீ," என்றார் அம்மா.

ஜோசியர் நிதானமானவர். திருமண நாள் கேட்டார். அம்மா பதிவுத் திருமண நாளைச் சொன்னார். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அது ஆபீஸ் நாளும்மா. அது எந்தக் கட்டத்துலயும் வராது."

"அப்ப அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, ஆகலையா?"

"அத நீங்கதான் சொல்லணும். நான் கிரகத்தத்தான் பாக்கறேன்."

காஜாங் வரை வந்துவிட்டு, அந்த ஊருக்குப் பேர்போன, குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே சாப்பிடாமல் திரும்ப எனக்கு மனமில்லை. பத்துக் குச்சி கோழி வாங்கினேன். அம்மாவுக்கு வெள்ளி விரதம். தொட்டுக்கொள்ளத் தந்த நிலக்கடலைக் குழம்பை மட்டும் வெள்ளரிக்காயில் தொட்டுச் சாப்பிட்டார். அதில் கோழி கிடையாது என்று கடைக்காரப் பெண்ணிடம் மலாயில் இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டார். "கோழி பக்கத்தில்தான் இருக்கிறது, உள்ளே இல்லை," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாதப் படையல். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, அவர் படத்துக்கு முன்னால் இலையில் வைப்பார்கள். நானும் வாசுகியும் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்வாசல் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். விருந்தாளிகளின் இடம். இருவரும் அதில் உட்கார்ந்தோம்.

உள்ளே சமையல் முடிந்திருந்தது. கோழிக் குழம்பு, பொரித்த மீன், அவித்த முட்டை, உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப், ஒரு கிளாஸ் பாலில்லாத கோப்பி ஓ. பன்னிரண்டு மணிக்குள் இலை போட்டாக வேண்டும். அந்தக் குடும்பத்தில் இலையில் பரிமாறுவது மருமகளின் வேலை. முதல் இரண்டு மாதமும் ஜொகூரில் இருக்கும் மூத்த மருமகள் வந்து செய்தார். அன்றும் விடியற்காலையிலேயே காரில் கிளம்பிவிட்டார். சிரம்பான் அருகே நெடுஞ்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது.

பதினொன்று இருபதுக்கு ஒரு அழைப்பு. சிரம்பான் தாண்டவில்லை. பதினொன்று நாற்பதுக்கு இன்னொன்று. இன்னும் தாண்டவில்லை. ராஜேஸ்வரி தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது. பின்னணியில் ஹாரன்கள்.

"நீயே வச்சிடு ராஜி," என்றார் உள்ளே இருந்த ஒரு பெரியவர், ராஜேஸ்வரியின் தாய்மாமன்.

"நான் கட்டிக்கொடுத்த பொண்ணு மாமா. நான் வேற வீடு. வைக்கக் கூடாது."

"அவசரத்துக்கு என்னா."

"அம்மா இருந்தா ஒத்துக்க மாட்டாங்க. போன தீபாவளிக்கு நான் சாமிக்கு வச்ச இலையவே மாத்திப் போடச் சொன்னவங்க."

"அப்ப மணியத்த வைக்கச் சொல்லு."

"ஆம்பள கையால வச்சதே இல்ல இந்த வீட்ல."

மின்விசிறிச் சத்தம் கேட்டது. வாசுகி மடியில் கைகளை வைத்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லாரி போனது. பின்னால் இன்னொன்று.

பதினொன்று ஐம்பதுக்கு ராஜேஸ்வரி வாசலுக்கு வந்தார். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"வாசுகி, கை கால் கழுவிட்டு வா."

வாசுகி மூன்று நொடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கக் குழாய்க்குப் போனாள். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து கதவு வழியாக இலை தெரிந்தது.

ஈரக் காலோடு வந்து படத்துக்கு முன்னால் மண்டியிட்டாள். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தாள். சோறு வைத்தாள், ஒவ்வொன்றாக மற்றவற்றை வைத்தாள். உப்பை மட்டும் தவறான பக்கத்தில் வைத்துவிட்டாள். ராஜேஸ்வரி குனிந்து ஒரு விரலால் அதை இடப்பக்க மூலைக்கு நகர்த்தினார். வாசுகி இலையைச் சுற்றி மூன்று முறை தண்ணீர் விட்டாள். மணியம் கற்பூரம் ஏற்றினான். பழைய தொழில் பழக்கத்தில் நேரம் பார்த்தேன். பதினொன்று ஐம்பத்தெட்டு.

ஜொகூர் மருமகள் ஒன்றரை மணிக்கு வந்து சேர்ந்தார். முகம் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர், "யாரு வச்சா இலைல?" என்று கேட்டார்.

"சின்னவ வச்சா," என்றார் ராஜேஸ்வரி. மீன் துண்டு ஒன்றை எடுத்து அவர் இலையில் போட்டார்.

இப்படிப்பட்ட வீடுகளில் விருந்தாளிகள் கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சத்தமில்லாமல் எழுந்து போக வேண்டும். நான் எழுந்தேன். பழக்கத்தில் வாசுகியும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

உள்ளேயிருந்து ராஜேஸ்வரியின் குரல் வந்தது. "வாசுகி, நீ எங்க கெளம்புற? பாத்திரம் கெடக்கு."

வாசுகி கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மணியம் என்னைக் காரில் வீட்டில் விட்டான். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு சிக்னல் தாண்டினோம். மூன்றாவதில் நின்றபோது, "இனி கொறட்டயப் பத்திக் கவல இல்ல போல மச்சான்," என்றான். சாலையைப் பார்த்தபடிதான் சொன்னான்.

மாலையில் அம்மாவுக்கு ராஜேஸ்வரியிடமிருந்து தொலைபேசி வந்தது. அம்மா நெடுநேரம் ம் கொட்டிவிட்டு வைத்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ராத்திரிக் கொழம்புக்கு மீன் குடுத்தாங்களாம், வாசுகிக்குச் சுத்தம் பண்ணத் தெரியலயாம். செதில் ஒழுங்கா எடுக்கலயாம். பொண்ண என்னாத்த வளத்தீங்கன்னு கேக்குறாங்க." அம்மாவின் முகத்தில் வந்ததிலிருந்து நான் பார்க்காத ஒரு பெருமை இருந்தது.

"ரூமப் பத்தி?"

"அதப் பத்தி ஒண்ணும் பேசல," என்றார். பிறகு, "நானும் கேக்கல," என்றார்.

திங்கள்கிழமை மதியம் வாசுகி பள்ளியில் அனுமதி கேட்டுக்கொண்டு என்னோடு பிரிக்பீல்ட்ஸ் வந்தாள். இந்த முறை ரயில் எங்கும் நிற்கவில்லை. ஜோசப் அதே படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். "மூணு பேரு, ரெண்டு ரூமு. கண்ஃபர்ம் பண்ணிடவா?"

வாசுகி படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். காலியாக இருந்த கட்டத்தில், பரீட்சைத் தாளில் மதிப்பெண் போடுவது போல, ஒன்று என்று எழுதினாள். பக்கத்தில் இரட்டைக் கட்டில் என்பதில் ஒரு டிக் போட்டாள்.

ஜோசப் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப அண்ணன் எங்க படுப்பாரு டீச்சர்?"

"அவரு வீட்ல."

"வீட்லன்னா?"

"ராட்டர்டாம்ல. அங்க எங்களுக்கு ஒரு நாள் போடுங்க. லூசர்ன்ல ஒரு நாளக் கொறச்சிக்கலாம்."

"ராட்டர்டாம்ல என்னா இருக்கு?"

"போர்ட்."

ஜோசப் நாற்காலியில் சாய்ந்தார். "டீச்சர், நான் இத்தன வருசமா ஹனிமூன் பேக்கேஜ் பண்றேன். போர்ட் பாக்க யாரும் கேட்டதில்ல. அதுவும் போர்ட்ல வேல செய்றவரு."

"ஆளில்லாம ஓடுற கிரேன பாக்கணுமாம். அவரு கேட்டது இது ஒண்ணுதான்," என்றாள் வாசுகி. பேனாவை மூடினாள்.

ஜோசப் பெயர்ப் பட்டியலை எடுத்தார். மூன்றாவது வரியை அடிக்க வேண்டும். அவருடைய பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார், காகித ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். வாசுகி சிவப்பை நீட்டினாள். "செவப்பு வேணாம் டீச்சர், ஸ்கேன்ல வராது," என்றார்.

நிருபராக இருந்த காலத்தில், செய்திக்கு மேலே போட்ட என் பெயரை ஆசிரியர் அடித்தபோதெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவை ராஜினாமாக் கடிதம் வரை போனது. அன்று சட்டைப் பையில் இருந்த கறுப்புப் பேனாவை நானே எடுத்து, மூடியைக் கழற்றி, ஜோசப்பிடம் கொடுத்தேன்.